உலாவிகளின் ஒத்திசைவும் இந்திய எழுத்துகளும்

கொச்சி மாநகரின் தேவராப் பகுதிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே காயலும் வெலிங்டன் தீவும் கிடக்கின்றன. தொலைவு சில கிலோமீட்டர்களே. ஆயினும் அவ்வழியே செல்வோர் காதில் விழும் மொழிகள் பல. மலையாளத்தோடு தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் அங்கு நாள்தோறும் புழங்கி வருகின்றன. கடைப் பலகை எழுதும் ஓவியருக்கு இது ஒரு சிக்கலே அன்று. எந்த எழுத்தாயினும் தூரிகை அதனை வரைந்துவிடும். ஆனால் அதே பெயர்ப்பலகையை ஓர் இணையப் பக்கமாக அமைத்து, ஒருவர் வீட்டுக் கணினியிலும், மற்றொருவர் அலுவலகத்தின் பழைய கணினியிலும், மூன்றாமவர் கைபேசியிலும் ஒரே விதமாகத் தோன்றச் செய்வது இன்றும் எளிதில் கைகூடுவதில்லை.

கேரள உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில் அமைந்துள்ளது. இணையத்தை அணுகும் உரிமை, கல்வி பெறும் உரிமையின் ஒரு கூறு என்று 2019 செப்டம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் திங்களில் கேரள அரசு தனது ஒளியிழை வலையமைப்பைத் தொடங்கி வைத்தது. ஏழைக் குடும்பங்கள் இருபது லட்சத்துக்கு இலவச இணைப்பு வழங்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இவை யாவும் கம்பி வீடுவரை வந்து சேர்வதைப் பற்றியவை. கம்பி வந்த பின்னரும் பக்கம் வந்து சேராமற் போவது உண்டு. கட்டங்களும் கேள்விக்குறிகளும் நிறைந்த திரை, அழுத்தினாலும் அசையாத பொத்தான், சொந்தப் பெயரையே ஏற்க மறுக்கும் விண்ணப்பம் ஆகிய இவற்றை அனுபவித்தோர் நாட்டில் ஏராளம். இக்குறைகளின் காரணங்களையும் அவற்றைக் கண்டறியும் கருவிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உலாவி செய்யும் பணி

இணையப் பக்கம் என்பது படம் அன்று. அது ஒரு கட்டளைத் தொகுதி. இது தலைப்பு, இது பத்தி, இது நிரப்ப வேண்டிய இடம் என்று ஒரு பகுதி சொல்லும். இன்ன நிறம், இன்ன அளவு, இன்ன எழுத்துரு என்று மற்றொரு பகுதி சொல்லும். பொத்தானை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்பதை மூன்றாவது பகுதி வகுக்கும். இம்மூன்றையும் படித்துப் பொருள்கொண்டு திரையில் வரைந்து காட்டும் மென்பொருளே உலாவி. ஒரே சமையற் குறிப்பைக் கொண்டு நான்கு வீடுகளில் சமைத்தால் நான்கு சுவை வருவது போல, ஒரே பக்கத்தை நான்கு உலாவிகள் நான்கு விதமாக வரையக்கூடும்.

இவ்வேறுபாட்டைக் குறைக்கவே 1994-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. எனினும் அடுத்த சில ஆண்டுகளில் நெட்ஸ்கேப் நிறுவனமும் மைக்ரோசாப்ட் நிறுவனமும் கடும் போட்டியில் இறங்கின. ஒவ்வொன்றும் தனக்கே உரிய புதுமைகளைச் சேர்த்தன. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. நம் நாடு இணையத்தில் நுழைந்த காலமும் உலாவிப் போர் மூண்ட காலமும் ஒன்றே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நம் மொழிகளின் இணைய வரலாற்றில் காணும் பல தழும்புகள் அப்போரில் ஏற்பட்டவை.

எழுத்துரு யுகம்

தொண்ணூறுகளில் தமிழ்ப் பக்கத்தைக் காண்பது ஒரு சடங்காகவே இருந்தது. இதழ் ஒன்றின் தளத்தைத் திறந்தால் முதலில், எங்கள் எழுத்துருவை இறக்கிக் கொள்ளுங்கள் என்னும் அறிவிப்பு வரும். அதனை இறக்கி, கணினியில் நிறுவி, உலாவியின் அமைப்பை மாற்றிய பின்னரே செய்தி தெரியும். அடுத்த இதழுக்கு வேறு எழுத்துரு. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் எழுத்தின் வடிவத்தைப் போர்த்தியதே இம்முறையின் சாரம். கணினியைப் பொறுத்தமட்டில் அங்கே தமிழே இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசைதான் இருந்தது. எழுத்துருவை நீக்கினால் குப்பையே மிஞ்சும். தேடவும் இயலாது, அகரவரிசைப்படுத்தவும் இயலாது.

நிறுவும் தொல்லையை நீக்க 1997-இல் ஒரு வழி தோன்றியது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பலாம் என்றாயிற்று. ஆனால் நெட்ஸ்கேப் ஒரு கோப்பு வகையையும் மைக்ரோசாப்ட் மற்றொரு கோப்பு வகையையும் கைக்கொண்டன. ஆகவே இதழ்கள் இரண்டையும் ஆயத்தம் செய்து வைக்க வேண்டியதாயிற்று. பின்னர் நெட்ஸ்கேப்பின் ஆறாம் பதிப்பு அவ்வசதியையே கைவிட்டது. நேற்றுவரை படிக்க முடிந்த பக்கம் இன்று குப்பையாகத் தெரிந்தது. பிழை பக்கத்தில் இல்லை. உலாவியின் முடிவில் இருந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ் அறிஞர்களும் பொறியாளர்களும் எடுத்துக்கொண்ட முயற்சி குறிப்பிடத்தக்கது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் விளைவாக டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. வெளிநாடுவாழ் தமிழரிடையே டிஸ்கி என்னும் குறியேற்றம் பரவியிருந்தது. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. தரம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டனர். எது தரம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒரே மொழிக்கு மூன்று நான்கு தரங்கள் இருப்பது தரமே இல்லாததற்கு ஒப்பாகும் என்பதை உணரச் சில ஆண்டுகள் பிடித்தன.

கேரளத்தின் அனுபவம் வேறு வகையில் பாடம் தருவது. தட்டச்சுப் பொறிக்கு ஏற்ப மலையாளக் கூட்டெழுத்துகளைக் குறைத்து, 1971-இல் அம்மாநில அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. தமிழகத்தில் 1978-இல் வந்த சீர்திருத்தத்தை விட அது அகலமானது. கணினி வந்தபோது கூட்டெழுத்துகளின் எண்ணிக்கை ஒரு தடையன்று என்பது தெளிவாயிற்று. ரசனா குழுவினர் 1999-இல் பழைய லிபியைக் கணினியில் மீட்கும் பணியைத் தொடங்கினர். 2002-இல் கோழிக்கோட்டின் பொறியியற் கல்லூரி மாணவர் வட்டத்தில் தோன்றிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வ அமைப்பு, உலாவிகளிலும் லினக்ஸ் அமைப்பிலும் மலையாளம் சரியாகத் தோன்றுவதற்கான நிரல்களை எழுதிச் சேர்த்தது. பொறிக்காக எழுத்தை வெட்டிய காலம் போய், எழுத்துக்காகப் பொறியைத் திருத்தும் காலம் அதனால் வந்தது.

ஒரு சொல்லின் உடற்கூறு

இன்று உலகின் பெரும்பாலான தளங்கள் யூனிகோடு என்னும் ஒருங்குறியில் உள்ளன. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் மலையாளமும் இடம்பெற்றன. இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தைத் தழுவி அவ்விடங்கள் வகுக்கப்பட்டன. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியையும் பதினாறு நுண்மித் தமிழ்க் குறியேற்றத்தையும் தமிழக அரசு தரங்களாக அறிவித்தது.

ஒருங்குறியில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிர், அகர மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்கே எண் உண்டு. எனவே, தேவரா என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டால், வாசகர் கண்ணுக்குத் தே, வ, ரா என்று மூன்று எழுத்துகள். கணினியின் நினைவில் ஐந்து குறிகள்: த, ஏகாரக் குறி, வ, ர, கால். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு வீதம், இணைய வழியே செல்வது பதினைந்து பைட்டு. இவற்றுள் ஏகாரக் குறி தகரத்துக்குப் பின்னர்ச் சேமிக்கப்படுகிறது. ஆனால் திரையில் அதற்கு முன்னர் வரையப்பட வேண்டும். கொச்சி என்பதிலுள்ள ஒகரக் குறியோ எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும். இவ்விட மாற்றத்தைச் செய்வது உலாவியோடு இணைந்த வடிவமைப்புப் பொறியின் கடமை.

இப்பொறி பழுதானால் விளைவது என்ன என்பதை 2000-க்குப் பின் வந்த ஆண்டுகள் காட்டின. விண்டோஸ் 2000 தமிழை அறிந்திருந்தது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இந்திய மொழி வசதியைக் குறுந்தகட்டிலிருந்து தனியே நிறுவ வேண்டும். நிறுவாத கணினியில் ஏகாரக் குறி தகரத்துக்குப் பின்னால் அநாதையாக நின்றது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் இரண்டாம் பதிப்புவரை வேறொரு குறை இருந்தது. பத்தியின் இருபுற ஓரங்களையும் சமன்செய்யுமாறு பக்கத்தில் கட்டளை இருந்தால், தமிழ் எழுத்துகள் உடைந்து குறிகள் தனித்தனியே சிதறின. பக்கம் அமைத்தவர் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்திருப்பார். வாசகரோ தளமே பழுது என்று எண்ணுவார். 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில், எழுத்து வரையும் பகுதி புதிதாக அமைக்கப்பட்ட பின்னரே அக்குறை நீங்கியது.

கைபேசியிலும் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துருவே இல்லை. அக்காலத்தில் ஓபரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டுமாறு ஆணையிடும் உத்தி வாய்மொழியாகப் பரவியது. எங்கோ ஒரு கணினி தமிழை வரைந்து, படமாக்கி அனுப்பியது. மருந்து அன்று, ஊன்றுகோல். ஆயினும் லட்சக்கணக்கானோர்க்கு நடக்க உதவிய ஊன்றுகோல்.

இன்று ஃபயர்பாக்ஸ், க்ரோம் ஆகிய இரண்டும் ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே திறந்த வடிவமைப்புப் பொறியைப் பயன்படுத்துகின்றன. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் முறையும் பொதுத் தரமாயிற்று. சஃபாரி 2008-லும் ஃபயர்பாக்ஸ் 2009-லும் அதனை ஏற்றன. வாஃப் என்னும் பொதுக் கோப்பு வகை 2012 டிசம்பரில் முறையான பரிந்துரையாயிற்று. 1997-இல் இரு நிறுவனங்கள் இரு வழியில் செய்ததை ஒரே வழியில் செய்யப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இந்த உலாவியில் மட்டும் காண்க

இத்தனை ஆண்டுகளில் அரசுத் தளங்கள் பலவற்றின் அடியில் ஒரு வாசகம் நிலைபெற்றிருந்தது: இன்ன உலாவியில், இன்ன திரை அளவில் காண்க. வாங்குபவர் கடையின் வசதிக்கு ஏற்ப உடை மாற்றி வர வேண்டும் என்பதை ஒத்த வாசகம் இது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற லினக்ஸ் அமைப்புக்கு மாறியபோது இதன் பொருள் விளங்கியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் லினக்ஸில் இயங்காது. ஆகவே அந்த உலாவியை நம்பிய தளம் எதுவாயினும் அப்பள்ளியின் கணினிக்கு மூடிய கதவே.

இலக்கமுறைக் கையொப்பம், ஆவணம் ஏற்றுதல் போன்ற பணிகளுக்காக உலாவியோடு ஒட்டுச் செருகிகளைச் சேர்க்கும் பழக்கமும் பரவியிருந்தது. பாதுகாப்புக் காரணங்களால் க்ரோம் 2015 செப்டம்பரிலும் ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் பழைய செருகி முறையைக் கைவிட்டன. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. ஒவ்வொரு தேதியும் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டதே. எனினும் அறிவிப்பைப் படித்து முன்கூட்டியே தளத்தைத் திருத்துவது ஒப்பந்தத்தில் யாருடைய கடமை என்று எழுதப்படாத இடங்களில், சேவை மையங்களில் வரிசையில் நின்றவர்களே அதன் சுமையை ஏற்றனர். மலப்புறம் மாவட்டத்தில் 2002-இல் தொடங்கிய அக்ஷயா திட்டம் போன்ற பொதுச் சேவை மையங்களின் பணி முழுவதும் உலாவி வழியாகவே நடைபெறுவது. அத்தகைய மையத்தில் உலாவி மறுத்தால் அன்றைய கூலியை இழந்து வந்தவர் மறுநாளும் வர நேரிடும்.

தேசியத் தகவலியல் மையம் வகுத்த அரசுத் தளங்களுக்கான நெறிமுறைகள் 2009-இல் வெளிவந்தன. 2018-லும் 2023-லும் திருத்தப்பட்டன. எவ்வகை உலாவியிலும் கருவியிலும் தளம் பயன்பட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படைகளுள் ஒன்று. விதி இருப்பது நன்று. அதனைச் சோதிப்பது எவ்வாறு என்பதே அடுத்த வினா.

உருவாக்குநர் கருவிகள்

தொடக்கத்தில் உலாவி வழங்கிய ஒரே கருவி, பக்கத்தின் மூலத்தைக் காட்டும் வசதி. ஒரு தலைமுறை மாணவர்கள் பிறர் பக்கங்களின் மூலத்தைப் பார்த்தே தொழில் கற்றனர். 2006-இல் ஃபயர்பாக்ஸுக்கு ஃபயர்பக் என்னும் துணைக்கருவி வெளிவந்தது. பக்கத்தின் எந்தப் பகுதியையும் சுட்டி, அதற்குரிய கட்டளைகளைக் கண்டு, அங்கேயே மாற்றிப் பார்க்க அது இடமளித்தது. இயங்கும் வண்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பான இவ்வசதி, பின்னர் எல்லா உலாவிகளிலும் உள்ளமைந்த பகுதியாயிற்று. ஃபயர்பக் 2017-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. இன்று தேவராவில் படிக்கும் மாணவரும் சான் பிரான்சிஸ்கோவில் பணிபுரியும் பொறியாளரும் கையாள்வது ஒரே கருவியை, விலையும் இல்லை. இத்தகைய சமநிலை மற்றைய தொழில்களில் அரிது.

இந்திய மொழிப் பக்கங்களுக்கு இக்கருவிகளில் மிகவும் பயன்படுவது, எந்த எழுத்துரு உண்மையில் வரையப்பட்டது என்பதைக் காட்டும் பகுதி. பக்கத்தில் ஓர் எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். அதில் தமிழ் எழுத்துகள் இல்லையெனில் உலாவி ஓசையின்றி வேறொன்றை நாடும். பக்கம் அமைத்தவரின் கணினியில் அழகிய எழுத்துரு இருப்பதால் அவர் இதனை அறிய மாட்டார். கருவியைத் திறந்தால் ஒரே நொடியில் வெளிப்படும்.

இரண்டாவது, கைபேசித் திரையைக் கணினியிலேயே காட்டும் பகுதி. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அது திரையின் அகலம் போன்ற சிலவற்றையே ஒத்துக்காட்டும். கைபேசியிலுள்ள எழுத்துருவோ, அதன் பழைய உலாவியோ அங்கு வராது. உண்மையான கைபேசியைக் கம்பியால் இணைத்து, கணினியிலிருந்தே அதன் பக்கத்தை ஆராயும் வசதியும் உண்டு. விலை குறைந்த பழைய கைபேசி ஒன்றை மேசையில் வைத்திருப்பது, விலை உயர்ந்த கணினி ஒன்றை வாங்குவதைவிட மேலான முதலீடு. குறுகிய திரையில் தமிழின் நீண்ட சொற்கள் ஓரத்தைத் தாண்டி ஓடுவதும், ஞூ, மூ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி பொத்தானின் எல்லையில் வெட்டுப்படுவதும் அங்குதான் தெரியவரும். பழைய லிபியில் அமைந்த மலையாளத்தில் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுவதால் இவ்வெட்டு இன்னும் ஆழமாக விழும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரம் நமக்குப் போதாது.

பெயரை மறுக்கும் விண்ணப்பம்

எழுத்துத் தோற்றக் குறைகள் கண்ணுக்குப் படுகின்றன. ஆகவே என்றேனும் திருத்தப்படுகின்றன. கண்ணுக்குப் படாத குறைகளே கொடியவை.

மீனாட்சிசுந்தரம் என்னும் பெயரில் வாசகர் எண்ணுவது ஒன்பது எழுத்துகள். கணினி எண்ணுவது பதினாறு குறிகள். பதினைந்து எழுத்து என்று எல்லை வகுத்த விண்ணப்பத்தில் கடைசிப் புள்ளி உதிர்ந்து, மீனாட்சிசுந்தரம என்று பதிவாகும். இவ்வெல்லையை எண்ணுவதில் உலாவிகளும் ஒத்துப்போகவில்லை. சஃபாரியின் அடிப்படையான வெப்கிட் பொறி ஒரு காலத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணியது. மற்றவை குறிகளை எண்ணின. ஒரு கைபேசியில் ஏற்கப்பட்ட பெயர் மற்றொன்றில் நறுக்கப்படுவதன் மூலம் இதுவே.

எழுத்துகளை மட்டும் ஏற்க என்று நிரலில் எழுதப்படும் விதி இதனினும் நுட்பமானது. ஆங்கில அகரவரிசையை மட்டும் குறித்தால் தமிழ்ப் பெயர் முழுவதும் மறுக்கப்படும், அது வெளிப்படை. உலக எழுத்துகள் அனைத்தையும் ஏற்கும் புதிய விதியை எழுதியவர் தம் கடமை முடிந்ததாக எண்ணுவார். ஆனால் ஒருங்குறி அட்டவணையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்னும் வகையில் இல்லை. சார்புக் குறி என்னும் வேறு வகையில் உள்ளன. ஆதலால் ரமண என்ற பெயர் ஏற்கப்படும். ரமணன் என்பது மறுக்கப்படும்! இரு வகைகளையும் சேர்த்துக் குறிப்பிடுவதே தீர்வு. இவ்விதியை எழுதும் வசதியும் க்ரோமிலும் சஃபாரியிலும் 2018-லும், ஃபயர்பாக்ஸில் 2020-லுமே வந்தது.

ஒரே தோற்றம், வேறு குறிகள் என்னும் சிக்கலும் உண்டு. கொச்சி என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேமித்தால் சொல் முழுவதும் ஆறு குறிகள். ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்தால் ஏழு. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி விதிக்கிறது. ஆனால் விதியை நினைவிற் கொள்ளாமல் எழுதிய நிரல் இரண்டையும் வேறென்று கொள்ளும். ஔவையார் என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவது இன்னும் பரவலானது. இதனை ஒருங்குறியும் ஒன்றாகக் கொள்வதில்லை. மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு 2008 வரை தனிக் குறி இல்லை. யூனிகோடு 5.1 பதிப்பில் அவை தனிக் குறி பெற்றன. கேரளத்தில் இம்மாற்றம் நெடிய விவாதத்துக்கு உள்ளானது. பழைய முறையிலும் புதிய முறையிலுமாக இரு வகை ஆவணங்கள் இன்றும் உள்ளன. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள வழிசெய்கிறது. அவ்வுரிமை காகிதத்திலிருந்து திரைக்கு மாறும்போது, ஒரு பெயர் இரு அலுவலகங்களில் இரு குறி வரிசைகளாகப் பதிந்து, ஆவணம் பொருந்தவில்லை என்னும் விடையாகத் திரும்பிவரும் வாய்ப்பு எழுகிறது.

கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை முறையாக எண்ணித் தருவதற்கு உலாவிகளில் இப்போது ஒரு வசதி உள்ளது. க்ரோம் அதனை 2020-லும் சஃபாரி 2021-லும் சேர்த்தன. ஃபயர்பாக்ஸ் 2024 ஏப்ரலில் சேர்த்தது. நான்கு ஆண்டு இடைவெளி. அந்நான்கு ஆண்டும் இவ்வசதியை நம்பி எழுதிய பக்கம் ஃபயர்பாக்ஸில் இயங்காது. வசதி வந்த பின்னும் விடை ஒன்றாக இருக்குமென்று கூறுவதற்கில்லை. கொச்சியை மலையாளத்தில் எழுதினால் இரட்டைச் சகரம் ஒரே கூட்டெழுத்தாக அமையும். 2023 செப்டம்பரில் வெளிவந்த யூனிகோடு 15.1 பதிப்பு, மலையாளம் உட்பட ஆறு இந்திய லிபிகளில் கூட்டெழுத்தை ஓரலகாகக் கொள்ளும் விதியைச் சேர்த்தது. அதற்கு முந்திய அட்டவணையைக் கொண்ட உலாவி மூன்று என்னும். பிந்தியதைக் கொண்டது இரண்டு என்னும். தமிழில் மெய்யும் உயிர்மெய்யும் அடுத்தடுத்து நிற்பதால் இவ்விதி தமிழுக்கு இல்லை. மூன்று மூன்றாகவே நிற்கும். க்ஷ மட்டும் கண்ணுக்கு ஒன்றாகவும் எண்ணிக்கைக்கு இரண்டாகவும் இருந்து வருகிறது.

பொதுச் சோதனைகள்

உலாவிகளின் எண்ணிக்கை பலவாயினும் அவற்றின் உள்ளிருக்கும் பொறிகள் இன்று பெரும்பாலும் மூன்றே: க்ரோமின் பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ. ஓபரா 2013-லும் மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020-லும் தம் சொந்தப் பொறிகளைக் கைவிட்டு க்ரோமின் வழியை மேற்கொண்டன. ஒரே பொறி எங்கும் இருந்தால் வேறுபாடு ஒழியுமே என்று சிலர் கருதலாம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்பு உலகை ஆண்ட 2001-க்குப் பிந்திய ஆண்டுகள் அதற்கு விடை. போட்டியற்ற அவ்வுலாவிக்கு அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று.

இம்மூன்று பொறிகளும் ஒத்துப்போவதை அளக்கப் பொதுவான சோதனைத் தொகுப்பு ஒன்று திறந்த முறையில் பேணப்படுகிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா முதலிய நிறுவனங்கள் 2022 முதல் ஆண்டுதோறும் இன்டெராப் என்னும் பெயரில் சில துறைகளைத் தெரிந்தெடுத்து, அவற்றில் வேறுபாடுகளைக் களைய உடன்படுகின்றன. அச்சோதனையின் அமைப்பு எளிது. ஒரே தோற்றம் தர வேண்டிய இரு பக்கங்களை எழுத வேண்டும். ஒன்று சோதிக்கப்படும் வசதியைப் பயன்படுத்தும், மற்றது ஐயத்துக்கு இடமற்ற எளிய முறையில் அமையும். உலாவி இரண்டையும் வரைந்து புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும். வேறுபட்டால் தோல்வி.

இந்தியாவிலேயே ஓர் உலாவியை உருவாக்க வேண்டும் என்னும் நோக்குடன் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் ஒரு போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் வெளியான முடிவில் தமிழகத்தைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் குழு முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. அரசின் இலக்கமுறைச் சான்றுகளை நம்பும் உள்நாட்டு உலாவி வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஜோஹோவின் உலா உலாவியும் க்ரோமியப் பொறியின்மீதே நிற்பது. பொறி பொதுவானதாயின், எகர ஏகாரக் குறிகளின் இடமாற்றமும் மலையாள அடுக்குகளின் உயரமும் அப்பொதுப் பொறியில்தான் திருத்தப்பட வேண்டும். அங்கு திருத்தினால் நம் உலாவிக்கும் அயலார் உலாவிக்கும் ஒருங்கே பயன் கிட்டும். அத்திருத்தத்துக்கு முதற்படி, பிழையைக் காட்டும் ஒரு சிறு சோதனைப் பக்கம். அதற்குக் கோடிகள் வேண்டுவதில்லை. தம் மொழியின் எழுத்து எவ்வாறு நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர் ஒருவரும், ஒரு பிற்பகலும் போதும்.

இத்தகைய வேலைக்கு இன்னும் இடம் மிகுதி. வரி இறுதியில் நீண்ட சொல்லைப் பிரிக்கும் வசதி ஓர் உதாரணம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் உரிய அசைப்பிரிப்பு விதிகளைச் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் திறந்த முறையில் எழுதி வழங்கியுள்ளார். எனினும் எல்லா உலாவிகளும் எல்லாக் கருவிகளிலும் அவற்றை ஒரே சீராகப் பயன்படுத்துவதில்லை. பக்கம் எம்மொழியில் உள்ளது என்று தலைப்பிலேயே குறித்தால்தான் உலாவி அவ்விதிகளை நாடும். ஆங்கில வார்ப்புருவிலிருந்து படியெடுத்த தமிழ்ப் பக்கங்கள் பல இன்றும் தம்மை ஆங்கிலம் என்றே அறிவித்துக்கொண்டிருக்கின்றன. மூலத்தைத் திறந்து முதல் வரியைப் பார்த்தால் தெரியும். மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து.